ஒன்பது அங்குலத்துக்கு அந்தப் பக்கம்

எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டு ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும், ஜெயசீலன் இன்னும் வாயைத் திறக்கவில்லை, வாய் முகக்கவசத்துக்குள் இருந்ததால் அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கடைக்காரர் இதாயத்துல்லாவுக்குத் தெரியவும் வழியில்லை. மேசைமேல் மூன்று கேபினெட்டுகள், சின்னது, நடுத்தரம், பெரியது, பள்ளிக்கூடத்தில் உயரவாரியாக நிறுத்திவைத்த பிள்ளைகளைப் போல நின்றன. மூன்றும் வெறும் கூடு. இனிமேல்தான் மதர்போர்டு, கார்டு, ஃபேன் என்று ஒவ்வொன்றாக உள்ளே பூட்டிக் கம்ப்யூட்டர் ஆக்க வேண்டும். உள்ளே போகிற சாமான்களையெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிவு செய்த மனுஷன் கூட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக வீடுகளுக்கு பிளான் போடுகிறவர், திருச்சியில் பாதித் தெருக்களில் அவர் கோடு போட்ட சுவர் ஒன்றாவது நிற்கும், அப்பேர்ப்பட்டவர் ஒரு தகரப் பெட்டியின் அளவைத் தீர்மானிக்க முடியாமல் நிற்கிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. காலையில் தானே டேப் பிடித்து அளந்து எழுதியது: மேசைக்காலிலிருந்து ஒன்பது அங்குலம். அந்தச் சீட்டைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது, ஒன்பது அங்குலத்தில் சின்னதுதான் நிற்கும், வேறு பேச்சே இல்லை. ஆனால் சீட்டை எடுக்கக் கை போகவில்லை. இதாயத்துல்லா கேட்ட இன்னொரு கேள்விதான் காரணம். நல்ல மனிதர், முப்பத்தைந்து வயது இருக்கும், யாரையும் அவசரப்படுத்தாதவர், ஒரு திருகாணியைத் துணியில் துடைத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார். "பின்னாடி எதாச்சும் சேர்ப்பீங்களா சார்? ரெண்டு வருஷம், மூணு வருஷம் கழிச்சு? சேர்க்கிறதா இருந்தா பெருசு எடுத்துக்கங்க. இப்பப் போடுறதோட சரின்னா சின்னதே போதும்."

பின்னாடி. அந்த ஒரு சொல் ஜெயசீலனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மூன்று வருஷம் கழித்து என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒன்பது மாசத்துக்கு முன்னால் யாராவது அவரிடம் இப்படிக் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். அப்போது அவருடைய காலண்டரே ஆறு மணி நேரம்தான். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை திரவத்தை உள்ளே விடுவது, ஊறி அழுக்கானதை வெளியே எடுப்பது, ஆறு மணி நேரம் போனதும் திரும்ப முதலிலிருந்து. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு நாலு வருஷம் வீட்டிலேயே இப்படி டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. பிளான் போட்டுக்கொண்டே பையைத் தொங்கவிட்டிருக்கிறார். திரவம் இறங்கி முடிவதற்குள் ஒரு சமையலறை, ஒரு பூஜையறை, ஒரு மாடிப்படி முடித்துவிடலாம். யாரோ ஒருவருடைய மாடிப்படி. யாரோ ஒருவர் பத்து வருஷம் கழித்து ஏறி இறங்கப்போகிற படி. அதை இவர் வரைவார், தனக்கு மட்டும் அடுத்த மாசத்தைக்கூட வரையமாட்டார். இது அவருக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் பிளான் போட்ட எந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போனாலும் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். அவர்தான் விட்டுவைக்கச் சொல்வார். இப்போதைக்கு ஒரு தளம் போதும் சார், ஆனா கம்பியை வெட்டிடாதீங்க, பின்னாடி மாடி எடுக்கும்போது உதவும். பின்னாடி! இந்தச் சொல்லை ஊருக்கெல்லாம் வாரி வழங்கினது அவரேதான், இன்றைக்கு அதுவே ஒரு திருகாணிக்காரர் வாயிலிருந்து அவரிடம் திரும்பி வந்து நிற்கிறது. அரியமங்கலத்தில் ஒரு வீடு, பதினாறு வருஷத் துரு அந்தக் கம்பியில், மேலே மாடி வரவே இல்லை, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில், இப்போது கம்பிக்குக் கம்பி கொடி கட்டி வாடகைக்கு இருப்பவர்கள் துணி காயப்போடுகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜெயசீலன் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் பொன்மலையில் இன்னொரு வீடும் இருக்கிறதே, ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், எழுபத்தொரு வயதில் வந்து கதவைத் தட்டி, தம்பி அந்தக் கம்பி இன்னும் நல்லாத்தான் இருக்கு, மேல ரெண்டு ரூம் போடுவோமா என்று கேட்டாரே. அதை ஏன் மனசு இரண்டாவதாக நினைக்கிறது, துருவை ஏன் முதலில் எடுத்துக்கொண்டு வருகிறது.

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, நாலு மிடறு குடித்தார். தண்ணீர். இதை நினைத்த மாத்திரத்தில் எந்தக் கவலையும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். நாலு வருஷம் ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொண்டு குடித்தவர் அவர், ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கி அது கரைகிற வரைக்கும் நாள் ஓட்டினவர், இப்போது ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும் என்று டாக்டரே திட்டுகிறார். தொண்டையில் இறங்கி, நெஞ்சில் குளுகுளுவென்று பரவி, அப்புறம் கீழே போய்ச் சேர்ந்து தன் வேலையைக் காட்டும். இதோ காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்குள் நுழையும்போதே லேசாக முட்டியது. கேட்டால் கடையில் பாத்ரூம் இருக்கத்தான் செய்யும், ஆனால் கொஞ்சம் இருக்கட்டும், இந்த முட்டலே அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். நாலு வருஷம் குளியலறைக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும் இதன் அருமை. மாற்றுச் சிறுநீரகம் வைத்த ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நர்ஸம்மா சிறுநீர்ப் பையைத் தூக்கிக் காட்ட, மனைவி ரெஜினா அதை நகைக்கடையில் செயினைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பார்த்துவிட்டு அழுதாள். யாரோ ஒருவர் எங்கோ சாலையில் விழுந்திருக்கிறார், மூளை நின்றுபோயிருக்கிறது, அவர் வீட்டு ஆட்கள் அந்த நிலைமையிலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் தெரியும். பெயர் சொல்லமாட்டார்கள், அது விதி. ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா, ஒன்றும் தெரியாது. அந்த வாரத்துப் பேப்பர்களை ரெஜினா எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள், இவரும் தேடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்து முடிக்கும்போதும் மனசுக்குள் ஒரு "நன்றிங்க" சொல்வார். வயசு தெரியாததால் மரியாதையோடே சொல்லிவிடுவது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. பழைய சிறுநீரகம் இரண்டையும் எடுக்காமல், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இதை வலப்பக்க அடிவயிற்றில் மூன்றாவதாக வைத்தார்கள். அங்கே இடம் இருக்கிறதா டாக்டர் என்று பிளான்காரப் புத்தியில் இவர் கேட்டதற்கு, இடமெல்லாம் தாராளமா இருக்கு, நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க என்று சிரித்தார் டாக்டர். இப்போதும் கை தானாக அங்கே போய்ச் சட்டைமேல் படிந்தது. இதாயத்துல்லா பார்த்தார், பசிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, டீ சொல்லட்டுமா சார் என்றார். வெளி டீ இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆகாது, வேண்டாங்க என்று தலையாட்டினார் ஜெயசீலன்.

நன்றி சொல்ல அவர் எடுத்த பெரிய முயற்சி ஒன்று இருக்கிறது, நினைத்தால் சிரிப்பும் வரும் கூச்சமும் வரும். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாசம் சர்ச்சின் பங்கு அலுவலகத்துக்குப் போய் அந்த ஆத்துமாவுக்காக ஒரு பூசை கேட்டார். அங்கே நோட்டு எழுதுகிற எஸ்தரம்மா பேனாவைத் திறந்து, பேர் என்ன என்றார். தெரியாதுங்க. தெரியாம எப்படிப் பூசை வைக்கிறது, உறவா என்றார். உறவுன்னா உறவுதான், என்ன உறவுன்னு சொல்லத் தெரியலை என்றார் இவர். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது, எஸ்தரம்மாவுக்கு அவசரம், ஏதோ எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாமியார், பூசை யாருக்காக என்ற கருத்தை வாசித்தார்: "பெயர் வெளியிட விரும்பாத ஒரு உபகாரிக்காக." அந்தச் சமயத்தில் கோயிலுக்குப் புது மணிக்கூண்டு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக்காரர்கள் மூன்று பேர் எஸ்தரம்மாவிடம் விசாரித்து, கேட்டது ஜெயசீலன் என்று தெரிந்துகொண்டு, இவரைத் தேடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மணிக்கூண்டுக்கு இவர் ரகசியமாகப் பெரிசாக ஏதோ கொடுத்துவிட்டார் என்று அவர்களுக்கு நினைப்பு. இல்லைங்க, நான் வாங்கினவன், கொடுத்தவரு வேற என்று சொல்லச் சொல்ல, என்ன அடக்கம் பாருங்க என்று இன்னும் இறுக்கிக் குலுக்கினார்கள். கூட்டத்தில் கை குலுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கை கழுவினார், ரெஜினா வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

ரெஜினா காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே சொல்லித்தான் அனுப்பினாள். பெருசாவே வாங்குங்க, சும்மா கஞ்சத்தனம் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க என்றாள். அவள் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், எதையும் பெரிய அண்டாவில் போட்டுத்தான் பழக்கம் என்று இவர் கேலி செய்துவிட்டு வந்தார். ஆனால் அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று அவருக்குள் இருந்தது, இந்த மூன்று கூடுகளுக்கு முன்னால் நிற்கும்போது அதை மறைக்க முடியவில்லை. சின்னதைத் தூக்கலாம். ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறலாம். போன முறை, சிறுநீரகம் கிடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் போன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது, உடனே கிளம்புங்க, எதுவும் சாப்பிடாதீங்க என்றார்கள், தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினார், திரையில் ஒரு வீட்டின் முன்பக்கம் பாதி வரைந்தபடி நின்றது. திரும்பி வந்து அதை முடிக்க மூன்று மாசம் ஆயிற்று, அதற்குள் அந்த வீட்டுக்காரர் வேறு யாரிடமோ போய்விட்டார். அதனால் இனிமேல் ஒரு வேளை, ஒரு வேளைதான், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எண் ஏறி, ஒரு காய்ச்சல் வந்து, உடம்பு இந்த விருந்தாளியை ஒத்துக்கொள்ளாமல் போய், மறுபடியும் கட்டிலில் மாசக்கணக்கில் படுக்கவேண்டி வந்தால் பெட்டியையும் கூடவே கொண்டுபோய்விடலாம். பெட்டி சின்னதாக இருந்தால். திரையை எப்படித் தூக்குவீர்கள், கீபோர்டை யார் தூக்குவார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. பயத்துக்கு ஏது பிளக். வீடு என்றால் அவர் ஒரு கதவு திறக்கிற பக்கத்தைக்கூட யோசித்துத்தான் வரைவார், இதில் மட்டும் அவர் யோசனை ஆட்டோ வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. இந்தச் சிறுநீரகம் எத்தனை வருஷம் ஓடும் டாக்டர் என்று ஒருதரம் கேட்டுவிட்டார். உங்களைவிட நல்லா ஓடுறவங்களை நான் பார்த்திருக்கேன், சரியாவே ஓடாதவங்களையும் பார்த்திருக்கேன், போய்த் தண்ணி குடிங்க என்றார் டாக்டர். அந்தப் பதிலில் நல்ல பாதியை ரெஜினா எடுத்துக்கொண்டாள், மற்ற பாதி இவரிடம் தங்கிவிட்டது. இது நன்றி கெட்டத்தனம் இல்லையா என்று சில சமயம் தோன்றும். ஒருவர் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், வாங்கினவர் அது எப்போது பழுதாகும் என்று காத்துக்கொண்டு சின்னப் பெட்டி தேடுகிறார். தோன்றும்போது வெட்கமாக இருக்கும், வெட்கப்பட்டதும் பயம் போய்விடுமா என்றால் போகாது.

பெரியதின் பக்கவாட்டில் கண்ணாடி. அதில் முகக்கவசம் போட்ட ஒரு ஆள் நின்றான், கொஞ்சம் சதை போட்டிருந்தான், மாத்திரை போட்ட சதை என்றாலும் சதைதான். ஜெயசீலன் ஒரு முடிவுக்கு வந்தவராகச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இடம் இல்லை, அதனால்தான் சின்னது. தோற்றதாகவும் ஆகாது, யாரையும் குறை சொன்னதாகவும் ஆகாது, ரெஜினாவிடமும் இதையே சொல்லிக்கொள்ளலாம். இதாயத்துல்லா சீட்டைப் படித்தார். தலையைச் சொறிந்தார். ஒன்பது அங்குலத்தில் சின்னதை வைத்தாலும் பக்கத்தில் காற்று போக இடம் வேண்டுமே, இவ்வளவு வேகமான கார்டைப் போட்டுவிட்டு நெருக்கமாக அடைத்துவைத்தால் சூடேறி நின்றுவிடுமே என்று விளக்கினார். அப்புறம் ஒரு கடைக்காரர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"ஒம்பது இஞ்சுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு? கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

"தள்ள முடியாதுங்க," என்றார் ஜெயசீலன். "பெட்டிங்க. கூரை வரைக்கும் அடுக்கியிருக்கோம்."

"என்ன பெட்டி சார்?"

என்ன பெட்டி. சொல்ல வாயெடுத்தார். டயாலிசிஸ் பெட்டி. மாசம் ஒரு தடவை வண்டியில் வந்து இறங்கும், ஒவ்வொன்றிலும் திரவப் பைகள், தூக்கினால் தோள் கழன்றுவிடும் கனம். சாக்கும் மூட்டையும் அடுக்கிப் பழகின கையால் ரெஜினா அவற்றை மேசைக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் கூரை வரைக்கும் அடுக்குவாள், மாசக் கடைசியில் அது முழங்கால் உயரத்துக்கு இறங்கும், மறுபடியும் வண்டி வரும். நாலு வருஷம் அந்த அறைக்கு அதுதான் சுவர். அதற்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் போய் எட்டு மாசம் ஆகிவிட்டதே. மிச்சமிருந்த பதினோரு பெட்டியையும் லால்குடியில் சிறுநீரகத்துக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிற ஒரு டீச்சரம்மாவுக்கு அவரே கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாரே. அப்புறம் காலையில் எதை அளந்தார்? மண்டி போட்டு, மேசைக்காலில் டேப்பின் கொக்கியை மாட்டி, இழுத்து, எங்கே நிறுத்தினார்? தரையில் ஒரு கோடு இருக்கிறது. நாலு வருஷம் வீடு துடைத்த தண்ணீர், பெட்டிகள்வரை போய் நின்று போய் நின்று படிந்த கறுப்புக் கோடு, ரெஜினா சோடா உப்பைப் போட்டுத் தேய்த்தும் போகாத கோடு. டேப் அந்தக் கோட்டுக்கு வந்ததும் அவர் கட்டைவிரல் தானாக அதை அழுத்திப் பிடித்தது. ஒன்பது என்று படித்தார், எழுதினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தரைதான், அவர் கண் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். மூன்று அடி இருக்குமா? மூன்றே முக்கால் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அரை அங்குலம் பிசகினால் கொத்தனாரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்கிற மனுஷன், தன் சொந்த வீட்டில் ஒரு ஆள் படுத்து உருளலாம் போன்ற இடத்தை விட்டுவிட்டு அளந்திருக்கிறார். ஜெயசீலன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் கலங்கி, முகக்கவசத்தின் மேல் விளிம்பு நனைந்தது. இதாயத்துல்லா மேலே சுற்றிய ஃபேனின் வேகத்தைக் கூட்டி வைத்தார்.

போனை எடுத்து ரெஜினாவைக் கூப்பிட்டார். தனக்குத் தெரியும், ஆனாலும் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம், முட்டை உரிக்கச் சொல்லி யாரையோ அதட்டுகிற சத்தம். என்னங்க, உடம்புக்கு என்ன என்று அவள் பதறிக்கொண்டே வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நம்ம மேசைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். என்ன இருக்கும், என்றாள் அவள்.

"அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ரெஜினா. என்ன இருக்கு?"

அவள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இவருக்கு விளங்கியது, பதினெட்டு வருஷக் குடித்தனம்.

"ஒண்ணுமில்லங்க," என்றாள். "நான் தெனம் கூட்டுற எடந்தானே. சுவரு வரைக்கும் காலியாக் கெடக்கு."

போனை வைத்தார். மூக்கைத் துடைத்தார். சீட்டை எடுத்து நாலாக மடித்துத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார், தூக்கிப்போட மனசு வரவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அது எங்கே போகும், அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற திங்கட்கிழமை, அதுவரைக்கும் கூடவேதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், மூன்றே முக்கால் அடியில் அதுவும் ஒரு ஓரமாக இருக்கலாம். இதாயத்துல்லா மெதுவாக, நாளைக்குக்கூட வந்து பார்க்கலாம் சார், அவசரமில்லை என்றார். ஜெயசீலன் பெரியதின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். டிஸ்க் வைக்க ஏழு தட்டு, இன்னொரு கார்டுக்கு இடம், ஃபேனுக்கு இடம், எல்லாம் காலியாக, கம்பி நீட்டி நிற்கிற மொட்டை மாடிதான். அவர் உள்ளே கையைவிட்டு ஒரு தட்டை இழுத்துப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு வந்தது.

"முன்னாடி ஒண்ணு கேட்டீங்களே," என்றார். "பின்னாடி சேர்ப்பீங்களான்னு."

"ஆமா சார்."

"சேர்ப்பேங்க."

இதாயத்துல்லா தலையசைத்துவிட்டுப் பெரியதை மேசையில் முன்னால் இழுத்துவைத்தார், மற்ற இரண்டையும் அலமாரிக்கு எடுத்துப்போனார். அதற்குமேல் ஜெயசீலனால் அடக்க முடியவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டார், கடைக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே என்று இதாயத்துல்லா கை காட்டினார். தாழ்வான படி, தலை இடிக்கிற உயரத்தில் கட்டியிருந்தார்கள், எந்தப் புண்ணியவான் பிளானோ. குனிந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மூன்று லிட்டரில் காலைப் பங்கு, நன்றாகவே போயிற்று, சத்தத்தோடு போயிற்று. முடிந்ததும் வழக்கம்போல் நன்றிங்க என்றார். இன்றைக்கு அதோடு நிறுத்த மனசில்லை. வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கினால் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லவேண்டாமா. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் சொன்னார்.

"பெருசாவே எடுத்துட்டேங்க."